இரண்டு பேருக்கு ஒரு பின்கதை

ரோல்பிளேயிங் கேம் விளையாடுகிற யாரையும் கேட்டுப் பாருங்கள். முதல்நாள் மேசைக்கு வருகிற பாத்திரங்களில் பாதிப்பேர் அநாதைகள். ஊர் எரிந்துவிட்டது, அம்மா அப்பா இல்லை, ஒருவரையும் நம்புவதில்லை. வைக்கிங் சாயலுள்ள உலகம் என்றால் கையில் ஒரு கோடரியும் இருக்கும்.

காரணம் லேசானது. அநாதைக்குப் பின்கதை எழுத யாரோடும் கதைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. ஆனால் அரை மணித்தியாலத்தில் பிரச்சினை வரும். ஒருவரை ஒருவர் தெரியாத நாலுபேர் ஏன் ஒன்றாக மலையேற வேண்டும்? அதற்கு மருந்துதான் பொதுப் பின்கதை: இரண்டு பாத்திரங்களுக்கும் சொந்தமான ஒரு கடந்தகாலம்.

நான் ஒஸ்லோவில் இருக்கிறேன், தங்கச்சி பேர்கனில். ஞாயிறு இரவுகளில் வீடியோ அழைப்பில் 'அயர்ன்ஸ்வோர்ன்' விளையாடுகிறோம். ஷோன் ரொம்கின் 2018இல் வெளியிட்டது. விதிநூலை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஒரு ஆறுபக்கப் பகடை, இரண்டு பத்துப்பக்கப் பகடை, பென்சில் இருந்தால் போதும். கேம் மாஸ்ரர் இல்லாமலும் விளையாடலாம். இரும்பைத் தொட்டு ஒரு சத்தியம் செய்யவேண்டும், பிறகு அதை நிறைவேற்றப் புறப்பட வேண்டும்.

அதன் உலகம்தான் என்னை முதலில் இழுத்தது. அயர்ன்லாண்ட்ஸ் என்ற குளிர்நாட்டில் வாழும் மக்கள் அந்த மண்ணுக்குரியவர்கள் இல்லை. இரண்டு தலைமுறைக்கு முன் பழைய உலகத்தைவிட்டுக் கப்பலேறி வந்தவர்கள். ஏன் வந்தார்கள் என்பதை விளையாடுபவர்களே தெரிவுசெய்யலாம்: படையெடுப்பா, கொள்ளைநோயா, பஞ்சமா? அல்லது சொந்தமாக ஒன்றை எழுதலாம். என் அப்பா எண்பதுகளில் நோர்வேயின் வடக்கே, ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்தப் பக்கத்தை வாசித்ததும் நான் தங்கச்சிக்கு அழைப்பெடுத்தேன்.

பழைய நோர்ஸ் உலகமும் தனியாட்களின் உலகம் இல்லை. ஐஸ்லாந்தில் குடியேறியவர்களைப் பற்றிய 'லாண்ட்நாமபோக்' என்ற நூல் 400க்கும் மேற்பட்ட குடியேறிகளைச் சொல்கிறது. யார் வந்தார், யாருடைய மகன், எந்த நிலத்தை எடுத்தார் என்று உறவோடு சேர்த்தே சொல்கிறது. பெயரும் அப்படித்தான். எய்னாரின் மகன் எய்னார்சன், மகள் எய்னார்ஸ்டோட்டிர். தங்கச்சி சிரித்தாள். "எங்களுக்கும் அப்பான்ர பேர்தானே பின்னால நிக்குது. இதை நோர்வேக்காரருக்கு எத்தினை தரம் விளங்கப்படுத்தியிருக்கிறம்!"

ஆக, எங்கள் பாத்திரங்கள் அண்ணனும் தங்கையும்: லெய்ஃப் எய்னார்சன், ஆஸ்தா எய்னார்ஸ்டோட்டிர். தகப்பன் எய்னார் சின்னப் பெடியனாகத் தன் தகப்பனோடு கப்பலில் வந்தவர். எய்னாரின் தாய் வரவில்லை. கரையில் நின்றுவிட்டாள்.

ஏன் நின்றாள்? இங்கேதான் இழுபறி தொடங்கியது.

"அவ வரமாட்டன் எண்டு சொன்னவ" என்றேன் நான்.

"இல்லை அண்ணா. அவவை ஒருத்தரும் கூப்பிடேல்லை எண்டு வைப்பம்."

இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசவில்லை. விளையாட்டுக்கு வெளியே இருந்து அந்தக் கதை வந்ததென்று இருவருக்கும் தெரியும். எங்கள் அம்மம்மா கடைசிவரை யாழ்ப்பாணத்தில்தான் இருந்தவ. "கேட்டனாங்கள், வரேல்லை" என்பது அம்மா சொல்லும் கதை. "ஒருத்தரும் கேக்கேல்லை" என்பது அம்மம்மாவோடு இருந்த மாமாவின் கதை. அம்மம்மா இப்போது இல்லை. அதனால் கலியாணவீடுகளில்கூட இருவரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள்.

தங்கச்சிதான் வழி கண்டுபிடித்தாள். "ரெண்டையும் வைப்பம். லெய்ஃபுக்கு உன்ர கதை, ஆஸ்தாவுக்கு என்ர கதை. எது உண்மை எண்டு இப்ப முடிவெடுக்க வேண்டாம்."

நல்ல பொதுப் பின்கதைக்கு இதைவிடச் சிறந்த சூத்திரத்தை நான் எந்த விதிநூலிலும் வாசித்ததில்லை. நடந்தது ஒன்று, ஆனால் இருவரும் வைத்திருக்கும் கதை வேறு. எல்லாவற்றிலும் ஒத்துப்போகிற இரண்டு பாத்திரங்கள் ஒரு பாத்திரத்துக்குச் சமம். எதிலும் ஒத்துப்போகாதவர்கள் ஒன்றாகப் பயணிக்க மாட்டார்கள்.

ஐஸ்லாந்துக் கதைசொல்லிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கிஸ்லியின் சாகாவில் நாலுபேர் சகோதரச் சத்தியம் செய்யப் போகிறார்கள். இரண்டு நுனியும் நிலத்தோடு இருக்கப் புல்தரையை நீளமாக வெட்டி, ஈட்டியால் தூக்கி நிறுத்துகிறார்கள். அதன்கீழே போய்த் தங்கள் இரத்தத்தை மண்ணில் கலக்கிறார்கள். கைகொடுக்கும் நேரத்தில் தோர்கிரிம் என்பவன், வெஸ்டெய்னுக்கு நான் கடமைப்படவில்லை என்று பின்வாங்குகிறான். உடனே கிஸ்லியும் தோர்கிரிமிடமிருந்து கையை எடுத்துக்கொள்கிறான். பின்னால் வெஸ்டெய்ன் கொல்லப்படுகிறான், அதற்குப் பழியாகத் தோர்கிரிமைக் கிஸ்லி கொல்கிறான். நாலுபேருக்கும் பொதுவான அந்த ஒரு நாளிலிருந்துதான் இவ்வளவும் வளர்கிறது.

நீங்கள் எழுதும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கண்ணால் கண்டது என்ன? ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாதது என்ன? யார் யாருக்கு என்ன கடன்? எங்கள் விடைகள் இவை. இருவரும் கண்டது: சாகும்போது எய்னார் கையில் பிடித்திருந்த ஒரு பெண்ணின் சீப்பு. ஆஸ்தாவுக்கு மட்டும் தெரிந்தது: அன்றிரவு அவர் புலம்பியது. கடன்: பனிக்காலத்தில் லெய்ஃபின் பங்குச் சாப்பாட்டைச் சாப்பிட்டுத்தான் ஆஸ்தா பிழைத்தாள். ஒரு பக்கத்துக்குமேல் எழுதாதீர்கள். மிச்சத்தைப் பகடை பார்த்துக்கொள்ளும். அயர்ன்ஸ்வோர்னில் ஒரு சத்தியத்தை இருவர் சேர்ந்தும் எடுக்கலாம். பழைய கரைக்குத் திரும்பிப்போய் அவளுக்கு என்ன நடந்ததென்று அறிவது எங்கள் சத்தியம்.

சில மாதம் விளையாடிய பிறகு, தங்கச்சி என்னிடம் சொல்லாமலே அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். விளையாட்டுக்காக என்றுதான் கேட்டாளாம். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அடுத்தநாள் தானே அழைத்துச் சொன்னா.

"நான் கொழும்பில விசாவுக்கு நிண்டனான். இஞ்ச வந்து என்னோட நில்லுங்கோ, பிறகு அங்கால கூப்பிடுறன் எண்டு அம்மாவுக்குக் கடிதம் போட்டனான். பதில் வர முதல் ரிக்கெற் வந்திட்டுது, போட்டன். நான் இஞ்ச வந்த பிறகுதான் அந்தக் கடிதம் அவவின்ர கையில கிடைச்சதாம்."

அம்மா கேட்டவதான். ஆனால் அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு, போகுமுன் ஒருத்தரும் கேட்கவில்லை. இரண்டு கதையும் பொய்யில்லை. தங்கச்சி இதை மாமாவுக்கும் சொன்னாள். அவர் "அப்பிடியோ" என்று மட்டும் சொன்னாராம். போன மாதம் அம்மாவும் மாமாவும் போனில் ஒரு மணித்தியாலம் கதைத்திருக்கிறார்கள். என்ன கதைத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

லெய்ஃபும் ஆஸ்தாவும் இன்னும் கடலில்தான் நிற்கிறார்கள். எங்கள் அம்மம்மாவின் விடையை அந்தக் கரையில் வைப்பதில்லை என்று இருவரும் தீர்மானித்திருக்கிறோம். எய்னாரின் தாய்க்கு அவளுடைய சொந்தக் காரணம் இருக்கட்டும்.

உங்களுக்கும் அண்ணாவோ தங்கச்சியோ மச்சாளோ வேறு நகரத்தில் இருப்பார்கள். ஒரு ஞாயிறு இரவு கூப்பிட்டு ஒரு கப்பலை எழுதுங்கள். யார் ஏறினார்கள் என்று எழுதிய பிறகு, யார் ஏறவில்லை என்றும் கேட்டுப் பாருங்கள்.