பழைய ஜீப்பில் டீசல் இன்ஜின்: மண்ணூர்ப் பட்டறை ஒன்றின் வேலைமுறை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தைப் பற்றி எழுதுவோர் இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் ஆலையையும், 2010இல் ஒரகடத்தில் தொடங்கிய ரெனோ–நிசான் ஆலையையும், 2012இல் அங்கேயே திறக்கப்பட்ட பாரத்பென்ஸ் லாரி ஆலையையும் குறிப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். அவற்றுக்கு இடையே, மண்ணூர் போன்ற ஊர்களில் ஒரு லேத்தையும் ஒரு வெல்டிங் இயந்திரத்தையும் நம்பி நடக்கும் பட்டறைகளும் வாகனத் தொழிலைச் சேர்ந்தவையே. அத்தகைய பட்டறையொன்றில், பெட்ரோலில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட நான்கு சக்கர இயக்க ஜீப்பில், அதாவது இன்ஜினின் விசை பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களுக்கும் செல்லும் வண்டியில், டீசல் இன்ஜின் ஏற்றப்படும் முறையை இக்கட்டுரை விவரிக்கிறது.

இம்மாற்றம் பட்டறைக்காரர்களின் கண்டுபிடிப்பு அன்று. பெரிய நிறுவனங்களே அதற்கு வழி காட்டின. இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 1932இல் தொடங்கப்பட்ட பெர்கின்ஸ் நிறுவனத்தின் பி வரிசை டீசல் இன்ஜின்களைச் சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் உரிமம் பெற்றுத் தயாரித்தது. பெட்ரோல் லாரிகளின் இன்ஜினைக் கழற்றிவிட்டு ஏற்றுவதற்கு அவ்வரிசை உலகெங்கும் பயன்பட்டது. வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் செய்துவந்த மஹிந்திராவும் ஏறத்தாழ அதே வழியில் சென்று, 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின் இருந்த இடத்தில் பிற்காலத்தில் பிரான்ஸின் பெஜோ நிறுவனம் வடிவமைத்த 2,112 சிசி டீசலையும், டிராக்டர் வழியில் வந்த எம்டி 2350 இன்ஜினையும் வைத்தது. ஆலை செய்த மாற்றத்துக்கு அச்சும் அளவுப்படமும் இருந்தன. பட்டறைக்கு அவை இல்லை.

மண்ணூரில் கண்ட ஜீப்பில் ஏறவிருந்தது டெம்போ ட்ராவலரிலிருந்து கழற்றிய மெர்சிடிஸ் வடிவமைப்பான ஓஎம் 616, அதாவது சுமார் 2.4 லிட்டர் நாற்சிலிண்டர் டீசல். இன்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி உள்ளே இறக்குவதைத்தான் வேடிக்கை பார்ப்போர் பெரிய வேலையாக நினைக்கின்றனர். அது அரைநாளில் முடிந்துவிடும். உண்மையான வேலை, இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டும் கியர் பாக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்ட்டும் ஒரே அச்சில் நிற்கும்படி செய்வது. இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தாருடையவை என்பதால் போல்ட் துளைகள் ஒத்துவரா. ஆகவே கனமான இரும்புத் தகட்டில், ஒரு பக்கம் இன்ஜினுக்கும் மறுபக்கம் கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்குக்கும் பொருந்துமாறு துளையிட்ட ‘அடாப்டர் பிளேட்’ ஒன்றை லேத்தில் கடைய வேண்டியிருக்கிறது.

இங்கே தலைமைப் பொறுப்பு மெக்கானிக்கிடமிருந்து லேத்தை இயக்கும் டர்னரின் கைக்கு மாறிவிடுகிறது. கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனி, கிராங்க்கின் பின்முனையில் உள்ள சிறு பேரிங்கில் அமர்ந்து சுழல்வதால், தகட்டின் மையம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டி விலகினாலும் கிளட்ச் முழுதாக விடாமல் இழுக்கும், கியர் தானாகக் கழன்றுவிழும், சில மாதங்களில் பேரிங் நொறுங்கிவிடும். இதனால் டர்னர் தகட்டை மாட்டியபின் டயல் கேஜை, அதாவது நுண்விலகலை முள்ளின் அசைவாகக் காட்டும் கருவியை, ஃப்ளைவீலில் நிறுத்தி, கிராங்க்கைக் கையால் மெல்லச் சுற்றி ஹவுசிங்கின் உள்விளிம்பு முழுவதையும் அளக்கிறார். முள் அசையும் இடத்தில் சாக்பீஸால் கோடிட்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டி, மறுபடி முறுக்கி, மறுபடி சுற்றுகிறார். பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் இவ்வேலையில் அவர் அவசரம் காட்டுவதே இல்லை.

அடுத்தது ‘பவுண்டேஷன்’: இன்ஜினைச் சேசிஸில் தாங்கும் கால்களுக்கும் ரப்பர்களுக்கும் பட்டறைகளில் வழங்கும் பெயர் அது. ஜீப்பின் முன் ஆக்ஸில் இன்ஜினுக்குக் கீழே குறுக்கே செல்வதால், வண்டி பள்ளத்தில் இறங்கி ஸ்பிரிங் பட்டை அமுங்கும்போது ஆக்ஸில் மேலெழுந்து ஆயில் சம்பில் இடிக்க வாய்ப்புண்டு. உயர்த்தி வைத்தாலோ பானட் மூடாது. “அண்ணே, இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு நூல் ஏத்தணும்” என்று கீழே படுத்திருந்த இளைஞர் கூற, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கைக் குறிக்கும் அந்த நூல் கணக்கிலேயே அண்ணனும் பதில் சொன்னார். பக்கத்து ஆலைகளில் மைக்ரான் பேசும் அதே ஊரில் இக்கணக்கும் குறைவின்றி நடக்கிறது. புதிய இன்ஜின் நீளமானது என்பதால் கியர் பாக்ஸ் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அப்போது பின்சக்கரத்துக்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைக்கவும், முன்சக்கரத்துக்குச் செல்வதை நீட்டவும் நேர்கிறது. குறைந்த ஷாஃப்ட்டின் ஜாயிண்டில் கோணம் கூடுவதால் இரு முனைக் கோணங்களும் சமமாக இருக்குமாறு ஆக்ஸிலைச் சற்றுத் திருப்பி வைக்காவிட்டால் வண்டி வேகமெடுக்கையில் அதிர்கிறது.

மற்றவை சில்லறை வேலைகள்: முன்னறை எரிப்பு வகையைச் சேர்ந்த இவ்வின்ஜினுக்குக் காலையில் சூடேற்ற ஹீட்டர் பிளக் இணைப்பு, பம்பிலிருந்து மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்ப ஒரு குழாய், 6 வோல்ட்டில் ஓடிய பழைய வண்டியானால் 12 வோல்ட்டுக்கு மாற்றம். யாரும் எதிர்பாராத ஒன்று வைப்பர். பழைய ஜீப்பின் வைப்பர் பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் அசைந்தது. டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டில் இல்லாமையால் அந்த வெற்றிடம் உருவாவதில்லை. ஆகவே முதல் மழைக்கு முன் மின்மோட்டார் வைப்பரை மாட்டிவிடுகின்றனர்.

செலவைக் கூட்டுவது ‘கிரவுன் பினியன்’, அதாவது ஷாஃப்ட்டின் சுழற்சியை ஆக்ஸிலுக்குத் திருப்பும் பற்சக்கர இணை. வில்லிஸின் 5.38 விகிதம் வேகமாகச் சுழலும் பெட்ரோல் இன்ஜினுக்கு ஏற்றது. மெதுவாகச் சுழன்று மிகுந்த இழுவை தரும் டீசலில் அதே விகிதம் இருந்தால் நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறும், வண்டி வேகம் பிடிக்காது. குறைந்த விகிதம் போடுவதானால் பின்னுக்கு மட்டும் போட்டு மிச்சம் பிடிக்க முடியாது. முன்னும் பின்னும் வேறுபட்டால் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் இரு ஆக்ஸில்களும் ஒன்றையொன்று இழுத்து, டயர் தேயும் அல்லது விசையை முன்னும் பின்னும் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பற்கள் உடையும். இதை வாடிக்கையாளருக்கு விளக்குவதுதான் தங்கள் வேலையிலேயே கடினமானது என்று பட்டறையார் கூறுவதில் மிகையில்லை.

சட்டத்தின் நிலை வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மாற்று எரிபொருள் கிட்டுகளுக்கு அப்பிரிவு தரும் நிபந்தனையுடன் கூடிய விலக்கு, பழைய டீசலைத் தேடி வாங்கி ஏற்றுபவருக்கு எளிதில் பயன்படுவதன்று. எனவே, சான்றில் டீசல் என்றே பதிவான மஹிந்திரா ஜீப்புகளின் தேய்ந்த இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜினைத் தேடித் தருவதையே இப்பட்டறை இப்போது பெரிதும் விரும்புகிறது. அதற்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது: பிஎஸ் 6 மாசுக்கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும் ஒரகடத்தில் செய்யப்பட்ட ரெனோ டஸ்டரே தன் டீசலைக் கைவிட்டது, இப்போது வரும் டீசல்களோ கணினியும் சென்சார்களும் இன்றி உயிர்பெறாதவை. வெறும் பம்பும் நாசிலும் கொண்டு ஓடும் ஓஎம் 616 ஒன்று சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கண்ணில் பட்டால், அதை ஏற்ற வண்டி கையில் இல்லாதபோதும் பட்டறை வாங்கி வைத்துக்கொள்கிறது.