தட்டினா பாடுற செட்டு

தட்டினா பாடும், விட்டா ஊமை. இப்படி ஒரு செட்டு உங்க வீட்டுல இருக்கா? தூக்கிப் போட்டுடாதீங்க மக்களே, அது அநேகமா டிரை சோல்டர்.

கொடைக்கானல்ல டீக்கடை வச்சிருக்கிற எங்க மாமாகிட்ட அப்படி ஒண்ணு. அத்தை சீட்டுப் பணத்துல வாங்கினது. அத்தை போனப்புறமும் காலையில கோடை பண்பலை 100.5 அதுலதான் ஓடும். "புதுசு வாங்கிக்கங்க"ன்னு மெக்கானிக் கைவிரிச்சுட்டார். மாமா பதிலே பேசல.

பிளக்கைப் பிடுங்கிட்டுத் திறந்தேன். நம்ம பழைய நண்பர், 14 கால் எல்ஏ 4440 ஐசி! லென்ஸ்ல பார்த்தா, ஒரு காலைச் சுத்தி முடி மாதிரி ஒரு விரிசல். பாடும்போது ஐசி கொதிக்கும், ராத்திரி மலைக்குளிர்ல சுருங்கும். வருஷக்கணக்கா இழுபட்டு ஈயம் விட்டுடும்.

60/40 ஈயம் 190 டிகிரிக்குள்ளயே உருகிடும். ஆனா உருகினா மட்டும் ஒட்டாதுங்க. காலும் போர்டுல இருக்கிற தாமிரமும் சேர்ந்து சூடாகணும். மலைக்காத்துல 25 வாட் அயர்ன் முனை சட்டுனு ஆறிடும். அதனால ஜன்னலை மூடினேன். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் தொட்டு, ரெண்டையும் சூடாக்கி, அப்புறம்தான் ஈயக்கம்பியை வச்சேன். ஊதி ஆத்தக்கூடாது, அசைக்கக்கூடாது. அஞ்சு நொடி பொறுமை, அவ்வளவுதான்.

செலவு அரை அங்குல ஈயம். மாமா ஒண்ணும் சொல்லல. வால்யூமை மட்டும் அத்தை வைக்கிற அளவுல வச்சுட்டு, பால் காய்ச்சப் போயிட்டார்.