இரண்டாவது டிக்கெட்

பெயர் எழுதிய சீட்டை வாளிக்குள் போட்டுவிட்டு நடைபாதையில் நின்றேன். நியூயார்க், 49ஆவது தெரு, யூஜின் ஓநீல் தியேட்டர் வாசல், 2011 ஜூலை. உள்ளே ‘தி புக் ஆஃப் மார்மன்’ என்கிற நகைச்சுவை இசைநாடகம். முந்தைய மாதம்தான் 9 டோனி விருதுகளை அள்ளியிருந்தது. என் கையிருப்புக்குக் கவுன்ட்டரில் டிக்கெட் கிடைக்காது. காட்சிக்கு இரண்டரை மணி நேரம் முன்பு பெயர் கொடுத்து, குலுக்கலில் விழுந்தால் 32 டாலர். ஆளுக்கு இரண்டு டிக்கெட் வரை வாங்கலாம்.

எரிச்சலாக இருந்தது. மதுரைப் பக்கம் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் நடக்கும். பபூன் ஆர்மோனியத்தோடு மல்லுக்கட்டிப் பாடிச் சிரிக்கவைப்பார். பாய் கொண்டுவந்து விரித்தவரெல்லாம் பார்வையாளர்தான். கூத்துப் பார்க்கச் சீட்டுக் குலுக்குவதா? பக்கத்தில் நின்ற மாணவர் விளக்கினார். 1996இல் ‘ரென்ட்’ நாடகம் முன்வரிசை இருக்கைகளை 20 டாலருக்குக் கொடுத்தது. அதற்காக இளைஞர்கள் ராத்திரியெல்லாம் தெருவில் படுத்துக் கிடந்ததால் குலுக்கல் வந்ததாம். காசில்லாதவனுக்கு முன்வரிசை என்றதும் எரிச்சல் தணிந்தது.

என் பெயர் வரவில்லை. கிளம்பும்போது, அறுபது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா தோளைத் தொட்டார். “எனக்கு விழுந்திருக்கிறது. நான் ஒருத்திதான். இன்னொன்று உங்களுக்கு வேண்டுமா?”

பிளாக் டிக்கெட் என்றே நினைத்தேன். எங்கள் ஊர்த் தியேட்டர் வாசல்களில் பழகிய புத்தி. எவ்வளவு என்றேன். “முப்பத்திரண்டு.” அதற்கு மேல் ஒரு டாலர்கூட வாங்க மறுத்துவிட்டார்.

நன்றிக்கு ஒரு காபியாவது வாங்கித் தருகிறேன் என்றேன். “எங்கள் சபையில் காபி, டீ குடிப்பதில்லை” என்று எலுமிச்சை ஜூஸ் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. அவர் மார்மன். சால்ட் லேக் சிட்டிக்காரர். நாடகம் கேலி செய்வது அவருடைய வேதத்தை, ஊர் ஊராகப் போய் அதைப் பரப்பும் வெள்ளைச் சட்டைப் பையன்களை. அவர் மகனும் இரண்டு வருடம் கானாவில் அந்த ஊழியம் செய்தவன்.

ஒரு வசனத்துக்காகப் படங்கள் முடங்கிப்போவதைப் பார்த்த ஊரிலிருந்து வந்தவன் நான். “தடை கேட்கவில்லையா உங்கள் சபை?” என்றேன். கேட்கவில்லை. நாடகம் ஒரு சாயங்காலத்தை மகிழ்விக்கலாம், வேதம் வாழ்க்கையையே மாற்றும் என்கிற பொருளில் ஒற்றை வாக்கியத்தில் அறிக்கை விட்டதோடு சரி. அந்தக் கோடையில் டைம்ஸ் ஸ்கொயரில் ‘நான் ஒரு மார்மன்’ என்று விளம்பரப் பலகையும் வைத்திருந்தார்கள்.

உள்ளே அரங்கமே அதிரச் சிரித்தது. நானும் சிரித்தேன், அடிக்கடி பக்கத்து இருக்கையைப் பார்த்துக்கொண்டே. முதல் பாட்டுக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஓரிடத்தில் முகம் இறுகிக் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பையன் வீட்டை விட்டுக் கிளம்பும் காட்சியில் கைக்குட்டையை எடுத்தார்.

“புண்பட்டீர்களா?” என்று வாசலில் கேட்டேன்.

“சில இடங்களில். ஆனால் அந்தப் பையன்களை நாடகம் எழுதியவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அது தெரிகிறது” என்றார். பிறகு மகனுக்கு போன் செய்யப் போனார்.

இப்போது இந்தக் குலுக்கல் இணையத்தில் நடக்கிறது. நடைபாதையில் யாரும் நிற்க வேண்டியதில்லை.