விதையும் மண்ணும்

மொனராகலைத் தோட்டத்தில் இறப்பர்ப் பால் வெட்டிய என் மாமா சதையிப் புற்றுநோயால் மாண்டார். முதுகுவலி என்றே பல மாதம் தைலம் தேய்த்தோம். நோய் தனித்து வளர்ந்த பகை என எண்ணியிருந்தேன். பின்னரே படித்தறிந்தேன்: அக்கட்டியில் பெரும்பகுதி பெரும்பாலும் புற்றுக்கலங்களே அல்ல. சதையியைப் பேணும் விண்மீன் வடிவக் கலங்கள், புற்றின் தூண்டுதலால் நார்த்திசுவைக் குவிக்கின்றன. குருதிக் குழாய்கள் நசுங்கி, மருந்து உட்புகுவது அரிதாகிறது. இக்கலங்களை 1998இல் சிட்னியில் மினோதி ஆப்தே குழுவினர் பிரித்தெடுத்தனர். புற்று பரவுவதை 1889இலேயே ஸ்டீபன் பாஜெட் விதையும் மண்ணுமாக விளக்கியிருந்தார். தோட்டத்தவனுக்கு இதை விரித்துரைக்கவும் வேண்டுமோ? காவலரே கையாளாயினர், அவர்களை அழித்தொழித்தால் போதும் என்று கொதித்தேன். 2014இல் அமெரிக்காவில் சுண்டெலிகளில் அத்தகைய நார்க்கலங்களை அழித்தும் பார்த்தனர். புற்று மேலும் மூர்க்கமாயிற்று. எலிகள் விரைந்து மடிந்தன. மருந்தை மறித்த வேலி, புற்றையும் ஓரளவு மறித்தே நின்றிருக்கிறது.