மழையும் பழியும்

மழை தவறினால் யார் பாவம் செய்தார்கள் என்று கேட்கும் ஊரில் பிறந்தவள் நான். தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்தை ஒட்டிய மானாவாரி ஊர் அது. கேழ்வரகு, சாமை, ஊடுபயிராக அவரை, துவரை. ஆடியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். வானம் கைவிட்டால் கொடும்பாவி இழுப்பார்கள். வைக்கோலைத் திரித்து மனித உருவம் செய்து, பழந்துணியைச் சுற்றி, தெருத்தெருவாக இழுத்துப் போவார்கள். பின்னால் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டு நடப்பார்கள். ஊர் எல்லையில் அதைக் கொளுத்துவார்கள். ஊரின் பாவம் அதோடு எரிந்து, மழை இறங்கும் என்பது நம்பிக்கை. ஆனால் பாவி யார் என்ற பேச்சு அத்துடன் ஓயாது. தனியாக வாழ்பவள், எதிர்த்துப் பேசுபவள் என்று யாரோ ஒரு பெண்ணின் வாசலில் போய் நிற்கும். மழை வராததைவிட அந்தப் பேச்சுதான் சிறுமியாக இருந்த என்னை அதிகம் பயமுறுத்தியது.

பின்னாளில் அறிவியல் ஆசிரியை ஆகி, இதே மாவட்டத்தில்தான் பணிக்காலம் முழுவதும் இருந்தேன். மழை, வெயில், வறட்சி பற்றி மக்கள் நினைப்பது எப்படியெல்லாம் மாறியது என்பதைக் கூட இருந்து பார்த்தேன். என் மனமும் அவர்களோடு சேர்ந்தே மாறியது. அதிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான். காலநிலையைப் பற்றி யார் பேசினாலும் அந்தப் பேச்சுக்குள் ஒரு பழி இருக்கிறது. அந்தப் பழியை நியாயமாகப் பங்கு பிரித்தால்தான் கேட்பவர் காது கொடுக்கிறார்.

கொடும்பாவிக்குப் பிறகு வந்த விளக்கம் காடு. ‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்று பள்ளிச் சுவர், பேருந்து நிலையம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் எழுதியிருந்த காலம். நல்ல வாசகம், நானே பிள்ளைகளை ஊர்வலம் அழைத்துப்போய் அதை முழங்கச் சொல்லியிருக்கிறேன். மரம் வேண்டும் என்பதில் இன்றும் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்த முழக்கத்தை ஊரில் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? விடியலில் காட்டுக்குப் போய்ச் சுள்ளி பொறுக்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்ற பெண்கள்தான் காட்டை அழித்தவர்கள் என்றார்கள். லாரியில் போன மரத்தைப் பற்றிப் பேச்சில்லை. பழி பாவத்திலிருந்து விறகுக்கு மாறியது. அதைச் சுமந்த தலை மாறவில்லை.

1992-ல் ரியோ டி ஜெனிரோவில் உலகத் தலைவர்கள் கூடிக் காலநிலை உடன்படிக்கை செய்தார்கள். சில ஆண்டுகளில் பசுமை இல்ல விளைவு எங்கள் பாடப்புத்தகத்துக்கும் வந்து சேர்ந்தது. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், துருவப் பனி, கடல்மட்டம். தேர்வில் கட்டாயம் வரும் என்பதால் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். கடலையே பார்த்திராத பிள்ளைகளுக்கு அது வேறு யாருடைய கதையாகவோ இருந்தது. எங்கள் கொல்லையில் காய்ந்த கேழ்வரகுக்கும் அந்தப் பாடத்துக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது எங்களில் யாரும் பேசவில்லை.

பிறகு ஒரு நாள் ஊர்ப்பொதுவில் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் படம் போட்டு விளக்கினார். நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது, “மரத்தை வெட்டறீங்க, குப்பையைக் கொளுத்தறீங்க, அதனாலதான் மழை இல்லை. நீங்க மாறணும்” என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஏங்க, எங்க ஊட்ல ஒரு பல்பு, ஒரு ஃபேனு. மகன் பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போறான். அவன் கட்டற கட்டடத்துல ராத்திரி பகலா ஏசி ஓடுதாம். மழை வராததுக்கு நாங்கதான் காரணமுங்களா?”

பயிற்சியாளருக்குப் பதில் வரவில்லை. கூட்டம் கலைந்தது. நான் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சின்ன வயதில் பயந்த அதே பேச்சு அறிவியல் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டதோ என்று மனம் கலங்கியது.

கணக்கு அந்தப் பெரியவர் பக்கம் இருந்தது. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்குச் சராசரியாக வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 14 டன். ஓர் இந்தியருக்குச் சுமார் 2 டன். இந்தியாவுக்குள்ளும் மாநகரத்து வசதிக்காரருக்கும் மானாவாரி விவசாயிக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மொத்த அளவில் இந்தியா உலகில் மூன்றாவது இடத்தில் இருப்பதையும் மறைக்கக் கூடாது. நிலக்கரி எரித்துக் கிடைக்கும் மின்சாரம் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டத் தொடங்கினேன். அன்றுவரை மனப்பாடமாக இருந்த பாடத்தில் முதல்முறையாகக் கேள்விகள் எழுந்தன.

2014, 2015 ஆண்டுகளில் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு, வானிலையையும் காலநிலையையும் புரிந்துகொள்வது கருப்பொருளாகக் கொடுக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை வெட்டி மழைமானி செய்தார்கள். சாய்வே இல்லாத இடம் தேடி, கல்லுக்கு நடுவே அதை நிறுத்தி, காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதினார்கள். கூடவே வீட்டுப் பெரியவர்களிடம் பேட்டி எடுக்கச் சொன்னேன். கேள்வி எளியது: “நீங்க சின்ன வயசுல பாத்த மழைக்கும் இப்பத்த மழைக்கும் என்ன வித்தியாசம்?”

கூட்டங்களில் வாய் திறக்காதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் மணிக்கணக்கில் பேசியிருந்தார்கள். அந்தக் காலத்து மார்கழிப் பனியில் விடிந்து வெகுநேரம் வரை எதிரே வருபவர் தெரியாது என்றார் ஒருவர். முன்பெல்லாம் நாள் கணக்கில் நசநசவென்று பெய்து மண்ணுக்குள் இறங்கிய மழை, இப்போது ஒரே மூச்சில் கொட்டி மேல்மண்ணை வாரிக்கொண்டு போகிறது என்றார் ஒரு பாட்டி. மாம்பூவைப் பற்றி ஒருவர் சொன்னதைப் பிள்ளைகள் அப்படியே எழுதியிருந்தார்கள்: “பனி கரெக்டா உழுந்தா பூ தானா வரும். இப்ப மரம் குழம்பிப் போச்சு. ஒரு கிளை பூக்குது, ஒரு கிளை துளுக்குது.” மாமரம் பூவெடுக்க அதற்கு முன்பு குளிரும் வறண்ட நாட்களும் வேண்டும் என்பது தோட்டக்கலைப் புத்தகத்தில் உள்ள செய்தி. மரத்தைப் பார்த்தே அதை அறிந்தவர் அவர். காலநிலை மாற்றம் என்ற சொல்லை மட்டும் அவர் கேள்விப்பட்டதில்லை.

பெரியவர்கள் சொன்ன எல்லாமே சரியாக இருக்கவில்லை. “அந்தக் காலத்துல வருசா வருசம் மழை” என்றவர்களிடம், தாது வருஷப் பஞ்சம் பற்றிக் கேட்டுவரச் சொன்னேன். 1876 முதல் 1878 வரை சேலம் மாவட்டத்தைச் சூறையாடிய பஞ்சம் அது. தருமபுரியும் அன்று சேலத்தில்தான் இருந்தது. பாட்டன் பூட்டன் சொன்ன பசிக்கதைகள் அப்போது வெளியே வந்தன. நல்லதை நினைவில் வைத்துக் கெட்டதை மறப்பது மனித இயல்பு. அதனால்தான் மழையை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது என்பது பிள்ளைகளுக்கும் புரிந்தது, பெரியவர்களுக்கும் புரிந்தது.

எங்கள் ஊரில் கண்டதை நாடு தழுவிய ஆய்வும் காட்டுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2011-ல் இந்தியாவில் நடத்திய கருத்துக் கணிப்பில், புவி வெப்பமாதல் பற்றி நிறையத் தெரியும் என்றவர்கள் 7 சதவீதம்தான். கேள்விப்பட்டதே இல்லை அல்லது தெரியாது என்றவர்கள் 41 சதவீதம். ஆனால் சுருக்கமாக விளக்கிச் சொன்னதும், ஆமாம் நடக்கிறது என்றவர்கள் 72 சதவீதம். பத்தாண்டு கழித்து, 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலுமாக மறுபடி கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் 84 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். பெயர் தெரியாதவர்களும் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்கள் என்றே இதை நான் படிக்கிறேன்.

அனுபவம் கற்றுக்கொடுக்கும். ஆனால் நல்ல மழை அதை அழித்தும்விடும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. எங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது. தீவனம் இல்லாமல் மாட்டைச் சந்தையில் வந்த விலைக்குக் கொடுத்தார்கள். ஆண்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறினார்கள். டீக்கடையில் முதல்முறையாக ‘குளோபல் வார்மிங்’ என்ற சொல்லைக் கேட்டேன். ஏரியைத் தூர்வார வேண்டும், புளியங்கன்று நட வேண்டும் என்றெல்லாம் பேசினார்கள். அடுத்த நல்ல மழை வந்தது. பேச்சு நின்றது. கரை உடைந்த ஏரி அப்படியே கிடந்தது. எனக்கும் நெஞ்சில் பாரம் இறங்கி, எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது. பயம் மட்டுமே கொண்டுவந்த நம்பிக்கை, பயம் போனதும் போய்விடுகிறது.

எங்கள் மாவட்டத்தில் மனநிலையைப் புரட்டிப்போட்ட ஆண்டு என்றால் 2024-ஐச் சொல்வேன். ஏப்ரல், மே வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மாவிளைச்சல் படுத்துவிட்டது. கோடையில் வதங்கிய அதே மண்ணில் டிசம்பரில் வெள்ளம். நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து உள்நாட்டுக்கு நகர்ந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. எங்கள் மாவட்டத்து அரூரில் 30 செ.மீ.க்கும் மேல். எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதற்குமான சராசரியே 85 முதல் 90 செ.மீ. அளவுதான். ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளை ஏரித்தண்ணீர் இழுத்துப்போன காட்சி எல்லார் போனிலும் ஓடியது.

என் முன்னாள் மாணவன் ஒருவன், இப்போது தக்காளி விவசாயி, அன்று போன் செய்தான். “டீச்சர், காலநிலை மாற்றம்னா மழை இல்லாமப் போறதுன்னுதானே சொன்னீங்க? இங்க கொல்லையே கரைஞ்சு போச்சே!” அவனுக்குச் சொன்ன விளக்கத்தை இங்கேயும் சொல்கிறேன். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். கனமான உலர்ந்த துண்டு தரையில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பிழிந்தால் குடம் நிறையும். சூடான காற்றும் அப்படித்தான். கோடையில் மண்ணை வேகமாக உலர்த்தும். பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும். வறட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப ரெண்டுக்கும் தயாரா இருக்கணுமுங்களா டீச்சர்?” என்றான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஆண்டுப் பாடத்தின் சாரத்தை அவன் ஒரு வரியில் சொல்லிவிட்டான்.

இப்போது வேறொரு கவலை வந்திருக்கிறது. காலநிலை மாற்றம் என்ற சொல் ஊருக்குள் நன்றாகப் பரவிவிட்டது. அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்பவர்களும் கூடிவிட்டார்கள். கால்வாயை அடைத்துக் கட்டடம் கட்டியதால் தண்ணீர் புகுந்தாலும் காலநிலை மாற்றம். கணக்கில்லாமல் போர் போட்டு நிலத்தடி நீர் வற்றினாலும் காலநிலை மாற்றம். பாறையிலிருந்து ஃப்ளோரைடு கரைந்த தண்ணீரைக் குடித்து எங்கள் தலைமுறைக்குப் பல் கறைபட்டதும் எலும்பு வளைந்ததும் வேறு கதை. அதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நடைமுறைக்கு வந்தது. எது வானத்தால் வந்தது, எது நம் கையால் வந்தது என்று பிரித்துச் சொல்லாவிட்டால் ஒன்றுக்கும் தீர்வு கிடைக்காது. ஊரே பாவி என்பது பழைய அநியாயம். யாருமே பொறுப்பில்லை என்பது புதிய அநியாயம்.

ஆகவே பங்கு பிரித்துப் பேசுகிறேன். புகையைக் குறைக்க வேண்டிய பெரிய கடன் பணக்கார நாடுகளுக்கும், நம் நாட்டிலேயே அதிகம் எரிப்பவர்களுக்கும் உரியது. ஏரி, வரத்துக் கால்வாய், வெள்ளத்துக்கு முன்னெச்சரிக்கை, பயிர் இழப்பீடு, வெயிலில் வேலை செய்பவருக்கு நிழலும் தண்ணீரும் அரசின் கடமை. தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் அமைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அவை கோப்பிலிருந்து கொல்லைக்கு வருகின்றனவா என்று கேட்பது நம் வேலை. விதை நம்முடையது, மண் நம்முடையது. 2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியபோது, ஒரு காலத்தில் களி தின்பதைச் சொல்ல வெட்கப்பட்ட வீடுகளில் அதைப் பெருமையாகப் பேசக் கேட்டேன். குறைந்த தண்ணீரில் விளையும் அந்தத் தானியத்துக்குக் கட்டுப்படியாகும் விலையும் கிடைத்தால், சொல்லாமலே விதைப்பார்கள்.

நினைவு மங்காமல் இருக்க ஒரு வழி எனக்குத் தெரியும். ஊராட்சிப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானியும் ஒரு நோட்டும் இருக்கட்டும். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று நடக்கும் கிராமசபையில், அந்த ஆண்டின் மழையையும் ஏரியின் நிலையையும் பிள்ளைகள் எழுந்து நின்று வாசிக்கட்டும். பேசத் தயங்கும் பெரியவர்களிடம் முதலில் கேட்போம், பிறகு சொல்வோம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில்தான் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். வறட்சி ஆண்டில் எல்லாரும் தாமாக வருவார்கள். ஏரி நிறைந்த ஆண்டில் கூடி உட்கார்ந்து கரையைப் பலப்படுத்தத் தீர்மானம் போடும் ஊர்தான் அடுத்த வெள்ளத்தையும் அடுத்த வறட்சியையும் தாங்கும்.