கடல் திருப்பித் தந்த டாங்கி

போர்க்கருவிகளைப் போற்றும் மனம் நமக்கு இல்லை. ஆயினும் இங்கிலாந்தின் தென்கரையில், டெவன் மாவட்டத்து டார்கிராஸ் என்னும் சிற்றூரில் நிற்கும் ஷெர்மன் டாங்கி ஒன்றின் வரலாறு, படித்த நாள் முதல் நம் உள்ளத்தை விட்டு அகல மறுக்கின்றது.

அவ்வூரில் சிறு விடுதி நடத்திவந்தவர் கென் ஸ்மால். மனச்சோர்வினால் வருந்திய அவர், ஆறுதல் நாடிக் கடற்கரையில் நடப்பது வழக்கம். அலைகள் ஒதுக்கிய துப்பாக்கி ரவைகளும், படைவீரர் உடைப் பொத்தான்களும் அவர் கண்ணில் பட்டன. இவை இங்கு வந்தது எவ்வாறு என்று அவர் வினவத் தொடங்கினார். கடலடியில் ஏதோ பெரும்பொருள் கிடப்பதாக மீனவர் கூறினர். மூழ்கிப் பார்த்தபோது அது டாங்கி எனத் தெரிந்தது. 1974-இல் அமெரிக்க அரசிடமிருந்து 50 டாலருக்கு அதனை அவர் வாங்கினார். கரைசேர்க்கவோ மேலும் பத்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

டாங்கியின் பழங்கதையைத் தேடியவர், மனிதரின் கதையைக் கண்டார். நார்மண்டிப் படையெடுப்பிற்கு ஒத்திகை பார்க்க, 1943-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பகுதி மக்கள் ஏறத்தாழ 3,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். கித்தான் திரை கட்டிக் கடலில் மிதந்துவரும்படி அமைக்கப்பட்ட அந்த டாங்கி, ஒத்திகையொன்றில் மூழ்கிப்போயிற்று. அதனினும் பெருந்துயரம் 1944 ஏப்ரல் 28 அதிகாலையில் நேர்ந்தது. படைவீரரை ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மானிய விரைவுப் படகுகள் டார்ப்பீடோக்களால் தாக்கின. இரண்டு கப்பல்கள் மூழ்கின; 749 அமெரிக்கர் மாண்டனர். உயிர்காக்கும் மிதவையை மார்பில் அணியாமல் இடுப்பில் அணிந்திருந்தமையால், பலர் தலைகீழாகக் கவிழ்ந்து இறந்தனர். காவற்கப்பல்களுக்கும் படைக்கப்பல்களுக்கும் ஒரே வானொலி அலைவரிசை தரப்படாததும் இழப்பைப் பெருக்கிற்று.

படையெடுப்பின் இரகசியம் காக்க, தப்பியோர் வாய்திறவாதிருக்கக் கட்டளை பெற்றனர். அன்று அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் போர் முடிந்தபின்னும் அம்மௌனம் நீடித்ததே, அதற்கு என்ன காரணம் சொல்வது? தம் மகன் எங்கே, எவ்வாறு இறந்தான் என்பதை அறியாமலே முதுமையடைந்த பெற்றோர் பலர். யாரும் பொய்யுரைக்கவில்லை என்றாலும், உண்மையைச் சொல்ல எவரும் முன்வராதபோது அத்துயரம் இரட்டிப்பாகின்றது.

1984 மே மாதம் டாங்கி கரையேறியது. கருநிறப் பூச்சுப் பெற்று, கடற்கரை ஓரத்தில் இறந்தோரின் நினைவுச் சின்னமாக நிறுத்தப்பட்டது. 1987-இல் அமெரிக்க அரசின் நினைவுப் பலகையும் அருகே வைக்கப்பட்டது. கென் ஸ்மால் 2004-இல் காலமானார். அவர் அரசு அதிகாரியும் அல்லர். வரலாற்றுப் பேராசிரியரும் அல்லர். தம் காலடியில் கிடந்த ஒரு பொத்தானைப் பார்த்து, “இது யாருடையது?” என்று கேட்ட எளிய மனிதர்.

நம் குடும்பங்களிலும் பேசப்படாத பெயர்கள் உண்டு. பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய கடிதங்களும் படங்களும் உண்டு. அறிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே, அவை யாருடையவை என்று கேட்டு வைப்போம்.