மருந்து அளந்த கை

துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் விசையை இழுத்த விரலைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். வேட்டைக் கதைகளில் தொரை சுடுவார், புலி விழும். காட்டைக் கலைத்து விலங்கை விரட்டிக் கொடுத்தவன் யார்? தோட்டாவுக்கு மருந்து போட்டவன் யார்? அந்தப் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்க தாத்தா பேரும் அதில் ஒன்று.

1950களில் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தாத்தா கூலி. அங்கிருந்த வெள்ளைக்காரத் தொரையிடம் .375 மேக்னம் ரைபிள் இருந்தது. லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912இல் கொண்டுவந்த தோட்டா அதற்கு. காட்டெருமையை, யானையைச் சாய்க்கிற தோட்டா. மேக்னம் என்றால் லத்தீனில் பெரியது என்று பொருள். பெரிய மதுப்புட்டிக்கு இருந்த பெயரைத் தோட்டாவுக்கும் வைத்தார்கள். சீமையிலிருந்து தோட்டா வந்து சேர நாளாகும், விலையும் அதிகம். அதனால் சுட்ட பித்தளைக் கூட்டை எறியாமல் மறுபடி கையால் மருந்து போட்டுக் கொள்வார்கள். தொரை சொல்லிக் கொடுத்தார். செய்தது தாத்தா.

"சுட்ட கூட்டையெல்லாம் பொறுக்கிட்டு வரணும். எண்ணிக்கை தப்பக்கூடாது. அடியில அரைஞாண் கவுறு மாதிரி ஒரு பட்டை ஓடும். தொடச்சு வெளிச்சத்துல பாத்தா கழுத்துல கீறல் விட்டிருக்கான்னு தெரியும். கீறல் இருந்தா அது ஆகாது. செத்த கேப்ப எடுக்கறதுதான் பெரும்பாடு. அமெரிக்கக் கூட்டுல நடுவுல ஒத்த ஓட்டை, ஊசி வச்சுத் தள்ளிரலாம். இங்கிலீசுக் கூட்டுல ரெட்டை ஓட்டை. வெளியிலேருந்து கொக்கி போட்டு நெம்பணும்" என்பார்.

பழைய தோட்டாக்களில் கார்டைட் என்ற மருந்து சேமியா போல நீளக் குச்சிகளாக இருக்கும். அந்த மருந்துக்காகவே வெள்ளையர் அரசு நீலகிரியில் அருவங்காட்டு ஆலையைக் கட்டியது. தாத்தா அளந்தது குருணை மருந்து. அளவு கிரெயின் கணக்கில். தானிய மணி ஒன்றின் எடையிலிருந்து பிறந்த அளவு அது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஈயக் குண்டு 300 கிரெயின், ஏறக்குறைய இரண்டரைப் பவுன் நகையின் எடை. ஊரில் எங்களுக்குக் கூலி அளந்த மரக்கால் எவ்வளவு குறைந்தாலும் கேட்க நாதியில்லை. தொரையின் மருந்து மட்டும் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் ரைபிள் வெடிக்கும். குறைந்தால் அடிபட்ட காட்டெருமை திரும்பி வரும். தொரையின் உயிரே தாத்தாவின் கையில்தான் இருந்தது. தோட்டத்துப் பேரேட்டில் அந்தக் கைக்குப் பெயர் 'கூலி'.

வேலை தெரிந்தவன், நம்பிக்கையானவன். ஆனால் துப்பாக்கி மட்டும் அவனுக்குக் கிடையாது. இந்தியர் ஆயுதம் வைக்க லைசென்ஸ் வேண்டும் என்றது 1878 ஆயுதச் சட்டம். அதன் கீழ் வந்த விதிகள் நெடுங்காலம் வெள்ளையருக்கு விலக்குத் தந்தன. 1959இல் சுதந்திர நாட்டின் ஆயுதச் சட்டம் வந்தது. சட்டம் புதிதானது, சாதி போகவில்லை. லைசென்ஸுக்குப் போலீஸ் அறிக்கை வேண்டும். சேரிக்காரனுக்கு நல்ல அறிக்கை எழுதுகிற பேனா எந்த ஸ்டேஷனில் இருந்தது?

தாத்தா ஊர் திரும்பினார். காட்டுப் பன்னி கடலையை அழிக்குது என்று லைசென்ஸ் கேட்டுப் போனார். "ஒனக்கெதுக்குடா துப்பாக்கி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பண்ணையாரிடம் ரெட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. அதற்குத் தோட்டா கட்டத் தாத்தாவைக் கூப்பிட்டு விட்டார்கள். சில வருசம் போய்க் கட்டிக் கொடுத்தார். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் நம் ஜனங்கள் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கொளுத்த வந்தவர்கள் கையில் துப்பாக்கியும் இருந்தது. சேதி ஊருக்கு எட்டியபின் பண்ணையார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. "கண்ணு மங்கிப்போச்சு, அளவு தெரியல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. பூத்தொடுக்கிற என் அப்பத்தாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்ததே அவர்தான். எங்கள் குடும்பத்தில் நடந்த முதல் வேலைநிறுத்தம் அது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வந்தன. அதில் மூன்றாவது விதியைத் தோழர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் கண்ட இடத்தில், தேவையென்றால் தலித், பழங்குடி அல்லாதாரின் ஆயுத லைசென்ஸை ரத்து செய்யச் சொல்கிறது அது. தேவையென்றால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் லைசென்ஸ் கொடுக்கவும் சொல்கிறது. கொடு என்பதற்கு முன்னால் 'தேவையென்றால்' என்று ஒரு சொல். அந்தத் தேவையை முடிவு செய்வது யார்? குடிசை எரிந்தவனா, அறிக்கை எழுதுகிறவனா?

நம் பிள்ளைகள் துப்பாக்கி தூக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. அண்ணல் நமக்குச் சொன்னது படிப்பும் அமைப்பும். ஆனால் ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்த விதியின்படி எத்தனை லைசென்ஸ் ரத்தானது, எத்தனை நமக்குத் தந்தார்கள் என்று மனுப் போட்டுக் கேட்போம். எண்ணிக்கை தப்பாமல் எழுதி வைப்போம்.